உற்சவருக்கு உள்ள உரிமை

மாசி மகத்தன்று மயிலம் முருகன் மலையிறங்கிக் கடலுக்குப் புறப்படுகிறார். தீவனூரிலிருந்து பொய்யாமொழி விநாயகர் வருகிறார். திண்டிவனத்திலிருந்து பெருமாள் வருகிறார். புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் வரிசையாகப் பந்தல்களில் நின்று எல்லோரும் தீர்த்தவாரி கொள்கிறார்கள். வடக்கே மரக்காணம் வரை குப்பத்துக்குக் குப்பம் இதே கதைதான். அவரவர் ஊர்ச் சாமியை அவரவர் ஊர் அலைக்கு அழைத்துப் போகிறார்கள். லாரி, டிராக்டர், மாட்டுவண்டி, தோள் என எது கிடைக்கிறதோ அதில்.

இன்னும் தெற்கே காரைக்கால் பக்கம் போனால் விஷயம் மேலும் சுவையாகிறது. திருக்கண்ணபுரத்துச் சவுரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் வருகிறபோது மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளே, மாப்பிள்ளே’ என்று கூவி வரவேற்கிறார்கள். அவர் மணந்த பத்மினித் தாயார் அவர்கள் குலத்துப் பெண் என்பது நம்பிக்கை. மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் சுற்றுகிறார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது கருவறையில் மூலவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். கல்லில் வடித்து, பீடத்தில் மருந்து சாத்தி நிறுத்திய வடிவம் அசையாது. ஆனால் ஆகமம் அந்தத் தெய்வத்தை அத்தோடு விட்டுவிடவில்லை; உலோகத்தில் உற்சவர் என்று இன்னொரு வடிவம் செய்து, அதற்கென்று ஒரு வருடத்துக் கால அட்டவணையும் போட்டுக் கொடுத்தது. வசந்த காலத்தில் தோப்பு, கோடையில் தெப்பம், பொங்கலையொட்டிப் பாரிவேட்டை, நடுவே ஊஞ்சல், தேர், ஆற்றங்கரை, கடற்கரை, சம்பந்தி வீடு. எங்கும் நிறைந்தவன் என்று சொல்லப்படுகிறவனுக்கே வெளியே போய்வர வேண்டியிருக்கிறது என்று தமிழ்நாட்டுக் கோயில் மரபு கருதியிருக்கிறது. அப்படியானால் மனிதருக்கு?

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், முதியோர் இல்லங்கள் பெருகிவருகின்றன. அவற்றில் நல்ல இல்லம் ஒன்றில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் குளிப்பாட்டுகிறார்கள். துவைத்த துணி உடுத்துகிறார்கள். நேரத்துக்கு இட்லி, நேரத்துக்கு மாத்திரை. யாரோ ஒருவர் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்ய வருகிறார். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். இரவு எட்டு மணிக்குக் கதவு சாத்தப்படுகிறது. இது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆயாக்களின் இடுப்பு வலியில் நடக்கிற காரியம். ஆனால் மூலவருக்கு நடக்கிற பூசை மட்டுமே அங்கே நடக்கிறது. உற்சவர் அங்கே இல்லை.

சட்டம்கூட இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, அதில் ஆதரவற்ற முதியவர்கள் 150 பேராவது தங்கும்படி மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அதே பிரிவு, இல்லங்களை நடத்துவதற்கான திட்டத்தில் மருத்துவ வசதியோடு பொழுதுபோக்குக்கான வழிகளும் இடம்பெற வேண்டும் என்று சொல்கிறது. பல இடங்களில் அந்த வரி ஒரு டிவியாகச் சுவரில் தொங்குகிறது. பொழுது போகிறதா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. வாழ்நாள் முழுக்க வெளியே இருந்தவர்களின் பொழுது அது.

அதே சாலையில் உள்ள மரக்காணத்தில் அந்த வெளி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இழப்பின் அளவு புரியும். சாலைக்கு மேற்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம். தை, மாசியில் பாத்தியைச் சீர் செய்து, மிதித்து, தளம் இறுக்கி, தண்ணீர் பாய்ச்சுவார்கள். பங்குனி, சித்திரை வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். வாருபலகையால் வாரிக் கரையில் ஏற்றி, கூடையில் சுமந்து அம்பாரமாகக் குவிப்பார்கள். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும், வேலை நின்றுவிடும். வெறுங்காலோடு உப்புநீரில் நாற்பது வருடம் நின்ற பாதம் எப்படி இருக்கும் என்று அங்கே யாரையும் கேட்கலாம். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை என்ன செய்யும் என்றும் கேட்கலாம். கடலுக்குப் போனவர்களின் கதை தனி.

இந்த நிலத்தின் மிகப் பழைய இலக்கியப் பதிவுகளில் ஒன்று ஒரு வழிப்பயணம் என்பது கவனிக்கத்தக்கது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் ஒருவன், பசித்துக் கிடக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிற நூல் சிறுபாணாற்றுப்படை. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். அந்த வழியில் முதலில் வருகிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே பரதவர் பழைய கள்ளும் சுட்ட மீனும் கொடுப்பார்கள், பயப்படாமல் போ என்கிறான் பாணன். ஏழைக்கு ஏழை ‘இங்கேயே கிட, எல்லாம் வந்து சேரும்’ என்று சொல்லவில்லை, போகச் சொன்னான். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பூமீஸ்வரர் கோயிலும் அந்த ஊரில்தான் இருக்கிறது. உப்பளத்தில் மிதித்த கால்கள் மாலையில் கழுவிக்கொண்டு போய் நின்ற வாசல்களில் அதுவும் ஒன்று.

அப்படி வெயிலிலும் காற்றிலும் கழிந்த உடம்பு, எழுபத்தைந்து வயதில், டியூப் லைட் எரியும் நீண்ட கூடத்தில், பக்கத்துக் கட்டிலுக்கு நான்கடி இடைவெளியில் வந்து படுக்கிறது. வண்டி வாசலுக்கு வந்தால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லையென்றால் புயல் எச்சரிக்கை.

இல்ல நிர்வாகிகளிடம் இதைப் பேசினால் கிடைக்கிற பதில்கள் நியாயமானவை. ஆள் இல்லை. வேன் வாடகை கட்டுப்படியாகாது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிள்ளைகள் வந்து சண்டை போடுவார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் தேடலாம். ஆனால் நான்காவதாக ஒன்று சொல்வார்கள், அது மதத்தின் மொழியில் வரும்: ‘சாமி எங்கேயும் இருக்காரு. மனசே கோயில். இந்த வயசுல கோயில் குளம்னு அலையணுமா? இருந்த எடத்துலயே கும்பிட்டுக்கலாமே.’ இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது.

மனசே கோயில் என்பதற்குத் தமிழ் மரபில் சாட்சி திருநின்றவூர்ப் பூசலார். கையில் காசில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே கடைக்கால் தொடங்கிக் கலசம் வரை கோயில் எழுப்பியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கு நாள் குறித்த அதே நாளைத் தன் மனக்கோயிலுக்கும் குறித்தார். இறைவன் மன்னன் கனவில் போய், நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றான். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையை எடுத்துக்காட்டி, படுத்த இடத்திலேயே பக்தி போதும் என்று சொல்வது எளிது.

ஆனால் கதையை முழுதும் கேட்க வேண்டும். பூசலார் முதலில் ஊர் ஊராக அலைந்து பொருள் தேடினார். கிடைக்காமல் போன பிறகே உள்ளுக்குள் கட்ட உட்கார்ந்தார். அந்த முடிவு அவருடையது. வேறு யாரோ வண்டி வாடகையை மிச்சப்படுத்துவதற்காக அவரை உட்கார வைக்கவில்லை. இன்னொன்று: கதை அவர் நெஞ்சுக்குள்ளேயே முடியவும் இல்லை. அரசன் பரிவாரத்தோடு காஞ்சியிலிருந்து கிளம்பி நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று தெருவில் விசாரித்தான். மனக்கோயில் மெய்தான் என்பதற்கு ஒருவர் வெளியே கிளம்பி இன்னொருவர் வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

அப்பரின் கதை இன்னும் நேராகப் பேசுகிறது. திருநாவுக்கரசர் கயிலையைப் பார்க்கப் புறப்பட்டபோது இளைஞர் அல்லர். நடந்து பாதம் தேய்ந்தது, கைகளால் ஊன்றித் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், பிறகு உருண்டார், அதுவும் முடியாமல் கிடந்தார். முனிவர் வடிவில் எதிரே வந்த இறைவன், இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போய்விடு என்றான். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரைதான். எந்த மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்பர் மறுத்துவிட்டார். அப்புறம் அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்து, கயிலைக் காட்சியை அங்கே கொடுத்தான் இறைவன். ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றில் இன்றும் அந்த விழா நடக்கிறது.

தூரத்தில் இருப்பது பக்கத்திலேயே கிடைத்துவிட்டது, ஆகவே பயணம் வீண் என்று இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் உண்டு. சேக்கிழார் வைத்திருக்கும் வரிசை அதை ஒப்பவில்லை. முதலில் முதியவரின் ஆசையை யாரும் அழிக்க முடியவில்லை. அதன் பிறகுதான் கயிலை கிட்டத்தில் வந்தது. நடக்க முடியாதவருக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு கயிலையை ஏற்பாடு செய்வது தெய்வம் காட்டிய வழி. மரக்காணத்து இல்லத்தில் ராமேசுவரம் போக முடியாதவருக்கு மயிலம் இருக்கிறது. சின்ன மலைதான், வண்டி மேலேயே போகும். மயிலமும் முடியாவிட்டால் சாலையைக் கடந்தால் கடல் இருக்கிறது. ஆசையைக் கேட்டுவிட்டு அதன் அளவைச் சுருக்கலாம். கேட்காமலேயே ஆசை இல்லை என்று எழுதிக்கொள்வதுதான் தவறு.

பிற சமயங்களும் முடியாதவரை மறக்கவில்லை. ஹஜ் செய்யச் சக்தி உள்ளவருக்கே அது கடமை என்கிறது இஸ்லாம். ஒட்டகத்தின் மேல் உட்காரக்கூட முடியாத தன் கிழத் தகப்பனாருக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று ஒரு பெண் நபிகளிடம் கேட்டதும், அவர் ஆம் என்று சொன்னதும் நபிமொழித் தொகுப்புகளில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பாதிரியார்கள் படுத்த படுக்கையில் இருப்பவருக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். இந்தச் சலுகைகள் எல்லாம் கருணையின் உச்சம். ஆனால் அவை யாருக்குக் கொடுக்கப்பட்டவை? முடியாமல் போனவரின் மனக்குறையைத் தீர்ப்பதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்டவை. ‘எனக்கு முடியாது’ என்று அவர் சொல்லும்போது விலக்கு அருளாகிறது. ‘உனக்கு முடியாது’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லும்போது அதே விலக்கு பூட்டாகிவிடுகிறது.

உற்சவர் விஷயத்திலும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகச் சாமியே தெருவுக்கு வருகிறார் என்று பெருமையாகச் சொல்கிறோம். நோயாளி, கர்ப்பிணி, முதியவர் என்று பட்டியலும் போடுகிறோம். வர விடாமல் தடுக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் தெருவுக்குச் சாமி வரவும் இல்லை. சாமிதான் வெளியே வருகிறாரே, உள்ளே எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதுபோல 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு இது பழங்கதை அல்ல. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் இதே நுழைவுச் சிக்கலில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் திறந்து, 2025 ஏப்ரலில் காவல்துறைப் பாதுகாப்போடுதான் பட்டியல் சாதியினர் உள்ளே போக முடிந்தது. இந்த மாவட்டத்தில் எண்பது வயதில் இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு, தன் ஊர்க் கோயிலுக்குள் ஒரு தடவை கால் வைத்துப் பார்ப்பது என்பது சுற்றுலா அல்ல. அது அவர் பிறந்ததிலிருந்து நிலுவையில் இருக்கிற கணக்கு. மாதம் ஒரு தடவை பூசாரியையோ பஜனைக் குழுவையோ வரவழைத்து அதைத் தீர்த்துவிட முடியாது.

ஆக, ஒரு முதியவர் வெளியே போவது அவர் மனம் மகிழ்வதற்காக மட்டும் அல்ல. அவருக்கு இன்னும் செலுத்த வேண்டியவை இருக்கின்றன. அவருக்கு வர வேண்டியவையும் இருக்கின்றன. நேர்த்திக்கடன் பாக்கி இருக்கும். மொட்டை போடுவதாகவோ, உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டுவதாகவோ, பிள்ளைக்கு அம்மை கண்ட வருடம் நேர்ந்துகொண்டது நாற்பது வருடமாக அப்படியே நிற்கும். அதைச் செலுத்தாமல் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று இரவில் அவர் யோசிக்கிறார். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைக்கிற ஒழுக்கம் அது. அந்த ஒழுக்கம் உள்ள வரை அவர் பராமரிக்கப்படும் பொருளாக மாறிவிடவில்லை.

தானே செய்கிறவருக்கும் பராமரிக்கப்படுகிறவருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அமெரிக்காவில் 1976-இல் இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் இரண்டு மாடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாடியில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு செடி. எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சினிமா எந்த நாள் பார்ப்பது என்பதும் அவர்கள் முடிவு. இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், சினிமா காட்டினார்கள்; ஆனால் தண்ணீர் செவிலியர் ஊற்றுவார், நாளை நிர்வாகம் சொல்லும். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்போடும் தெளிவோடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். இரு மாடிக்கும் கிடைத்த பொருள் ஒன்றுதான். யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம். மதத்தின் மொழியில் சொன்னால், ஒரு மாடியில் இருந்தவர்கள் கர்த்தாக்கள்.

டென்மார்க்கில் ஓலே காசோவ் என்பவர் 2012-இல் ஒரு மூன்று சக்கர சைக்கிளோடு கோபன்ஹேகனில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போய், யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். தலைமுடியில் காற்றுப்படுவது ஓர் உரிமை என்று சொல்லி அவர் தொடங்கிய அந்த இயக்கம் இன்று சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் தொண்டர்களை வைத்து நடக்கிறது. புதுச்சேரிக்கு இதைக் கற்றுக்கொள்ளக் கோபன்ஹேகன் போக வேண்டியதில்லை. சைக்கிள் ரிக்‌ஷா இன்னும் ஓடுகிற ஊர் அது. மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதரை நடக்க விடுகிற ஊர்.

சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலை வரை போகும்படி 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்களில் சிலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைக் கிட்டத்தில் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பாதையின் முனையைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். மணலில் சக்கரம் புதையும் என்ற ஒரே காரணம் இத்தனை காலம் எத்தனை பேரைக் கடலிலிருந்து தள்ளி வைத்திருந்தது என்பது அந்தப் பாதை வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மரக்காணம் கடற்கரைக்கு இப்படி ஒரு முப்பது மீட்டர் பலகை கிடைத்தால் போதும்.

தடைகள் பெரும்பாலும் இப்படிச் சின்னவை. பஸ்ஸின் முதல் படி உயரம். 2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் முழங்கால் அந்தப் படியில் ஏறாது. அடுத்தது கழிப்பறை. வயதான பெண்கள் பலர் வெளியே வரத் தயங்குவதற்கு வழியில் ஒதுங்க இடம் இல்லாததே காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, ‘எனக்கு எங்கயும் போகப் பிடிக்கல’ என்று சொல்லிவிடுவார்கள். இல்லத்தின் குறிப்பேட்டில் விருப்பமில்லை என்று பதிவாகிவிடும். பயணத்தைத் திட்டமிடுகிறவர் கோயிலைத் தேடுவதற்கு முன் அரை மணிக்கு ஒரு நல்ல கழிப்பறை எங்கே என்று தேட வேண்டும். நேரமும் அப்படித்தான். இந்தக் கரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் யாரையும் விடாது. விடியற்காலையில் கிளம்பினால் கழுவெளியின் ஓரத்தில் பறவைகளைப் பார்த்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்த அந்தச் சதுப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உப்பும் மீனும் நண்டும் எடுத்துப் பிழைத்தவர்களுக்கு அது சரணாலயம் ஆவதற்கு முன்பே நன்றாகத் தெரியும். எந்தப் பறவை எந்த மாதத்தில் வரும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் சொல்லித்தர முடியும்.

அரசின் ஆன்மிகப் பயணங்களைப் பற்றியும் ஒரு சொல். இந்து சமய அறநிலையத் துறை மூத்த குடிமக்களை ராமேசுவரத்திலிருந்து காசிக்கும், 2024 முதல் அறுபடை வீடுகளுக்கும் இலவசமாக அழைத்துப் போகிறது. பாராட்டத்தக்க வேலை. ஆனால் வயது வரம்பு 60 முதல் 70 வரை. உடல் தகுதிக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். தனியாகவே பஸ் ஏறிப் போகக்கூடியவர்களில் பலர் இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள். கை பிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டிய எழுபத்தெட்டு வயதுக்காரர் வெளியே நிற்கிறார். நூறு பேரை ஆறு ஊருக்கு அழைத்துப் போகிற செலவில் இருபது பேரைத் துணை ஆளோடும் சக்கர நாற்காலியோடும் ஒரே ஒரு படை வீட்டுக்கு அழைத்துப் போகும் பயணம் ஒன்றும் இருக்கலாம். அப்பருக்குக் கயிலை திருவையாற்றில் கிடைத்ததுபோல.

போகிறவருக்கு என்ன பயன் என்று மட்டுமே இதுவரை பார்த்தோம். பார்க்கிறவருக்கும் பயன் உண்டு. இந்தியத் தத்துவ வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற வெளிப்பயணம் கபிலவஸ்துவின் தெருவில் நடந்தது. முதுமை இளவரசனின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சுத்தோதனர் அத்தனை ஏற்பாடு செய்திருந்தார். அப்படியும் தேரில் வந்த சித்தார்த்தனின் எதிரே கோல் ஊன்றிய கிழவர் ஒருவர் வந்துவிட்டார். ‘இது யார்? எனக்கும் இது வருமா?’ என்ற கேள்வியில்தான் பௌத்தம் தொடங்குகிறது. நம்முடைய ஊர்கள் சுத்தோதனரின் ஆசையை அவரைவிடத் திறமையாக நிறைவேற்றி வருகின்றன. முதியவர்களைச் சுவருக்குப் பின்னால் நன்றாகவே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். தெருவில் நடக்கும் இருபது வயதுக்காரன் தளர்ந்த உடம்பைக் காணாமலேயே வளர்கிறான். அவனுக்கு அந்தக் கேள்வி எப்போது வரும்? தன் தகப்பனை இல்லத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போடும் நாளில் வந்தால், அது மிகத் தாமதம்.

சுவரின் ஆபத்தும் இந்த மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. காணாமல்போன முதியவர் ஒருவரைத் தேடி உயர்நீதிமன்றத்தில் தாக்கலான ஆட்கொணர்வு மனுவின் தொடர்ச்சியாக, 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்தில் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். முறையான உரிமம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். சிபிசிஐடி விசாரணைக்குப் போன அந்த வழக்கின் செய்திகள் வயிற்றைப் புரட்டுபவை. உரிமமும் ஆய்வும் கட்டாயம் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பதற்கு இல்லை. ஆனால் ஆய்வாளர் வருடத்தில் சில தடவைதான் வருவார். செவ்வாய்க்கிழமைதோறும் மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்ட வந்து உட்காரும் பாட்டி இரண்டு வாரம் வராவிட்டால், பூக்கடைக்காரி கேட்பாள்: ‘எங்க அந்த அம்மா?’

பூக்கட்டுவது என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பரின் கையில் எப்போதும் இருந்தது உழவாரப்படை. பதிகம் பாடியதோடு நிற்காமல் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். முதியவருக்கான ‘செயல்பாடு’ என்று பட்டியலிடும்போது வண்ணம் தீட்டுவதும் பலூன் தட்டுவதும் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஐம்பது வருடம் வேலை செய்த கைக்கு அது போதாது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில், 29-ஆம் தேதிக் கொடியேற்றத்தையும் செப்டம்பர் 8 திருவிழாவையும் முன்வைத்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடையில் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் சாரை சாரையாகப் போகிறார்கள். இல்லத்தின் வாசலில் ஒரு பந்தல் போட்டு, அங்கே இருக்கும் பாட்டிகள் மோர் கரைத்து உப்பும் பெருங்காயமும் போட்டுக் கொடுக்கலாம். எவ்வளவு உப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நடந்து வந்தவர் கும்பிட்டு வாங்கிக் குடிக்கும்போது, அன்றைக்கு அன்னதானம் செய்தது அவர்கள்.

கடைசியாக, எந்த இல்லத்தின் சுற்றுலாப் பட்டியலிலும் வராத பயணங்கள். சாவு வீடு. அண்ணன் இறந்த செய்தியைப் பதினாறாம் நாள் கழித்துச் சொல்கிற வழக்கம் உண்டு. தாங்கமாட்டார் என்ற அக்கறையில் செய்வதுதான். ஆனால் கூடப் பிறந்தவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்து, வாய்க்கரிசி போடுவது அவருடைய முறை. ‘ஏன் எனக்குச் சொல்லல?’ என்ற கேள்விக்கு எந்த நிர்வாகியிடமும் பதில் இருக்காது. பேத்தி கல்யாணத்தில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிப்பதும் அவருடைய முறை. ‘கூட்டம், சத்தம், பாவம் சிரமப்படுவாங்க’ என்று சொல்லி வீடியோவில் காட்டுகிறார்கள். வாக்குச்சாவடிகூட இப்படித்தான். 85 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்று 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் வசதி செய்தது. அதை வேண்டாம் என்று சொல்லி, வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டுதான் வருவேன் என்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாவடி வரை ஒரு ஆட்டோ வேண்டும்.

இல்லத்தில் புதிதாக ஒருவர் சேரும்போது விண்ணப்பத்தில் பலவற்றைக் கேட்கிறார்கள்: சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, எந்த மாத்திரை, அவசரத்துக்கு எந்த எண். அதே தாளில் இன்னும் நான்கு கேள்விகளுக்கு இடம் இருக்கும். உங்கள் குலதெய்வம் எந்த ஊரில்? நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கி இருக்கிறதா? யார் வீட்டு நல்லது கெட்டதுக்கு உங்களை அழைத்துப் போயே ஆக வேண்டும்? கடைசியாகக் கடலைப் பார்த்தது எப்போது?